தங்கைக்குப் போன படங்கள்

எங்கள் ஸ்டூடியோ பெங்களூர் பிளாக்பள்ளியில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்தது. அப்பா ஆண்களைப் படம் பிடிப்பார், நான் பெண்களை. சுற்றியிருந்த தெருக்களில் கோஷாப் பெண்கள் அதிகம். அந்நிய ஆண் முன்னால் அவர்கள் முகத்திரையை எடுக்க மாட்டார்கள். அதனால்தான் என் கைக்குக் கேமரா வந்தது. இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் இருபது வயதுப் பெண்ணின் கைக்குக் கரண்டிதான் வந்திருக்கும். படம் எடுத்தபடியே அவர்கள் வீட்டுக் கதையையும் கறந்துவிடுவேன். யாருக்கு எப்போது நிக்காஹ், யாருடைய மாமியார் பொல்லாதவள், எல்லாம் எனக்கு அத்துப்படி. "கண்ணவிட உன் காதுதான்டி அங்க வேலை செய்யுது" என்பாள் அம்மா.

நாடு விடுதலை பெற்று இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். கன்டோன்மென்ட் பங்களாக்களில் இருந்த வெள்ளைக்காரர்கள் பியானோவையும் நாயையும் விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். போகும் முன் சமையல்காரர், தோட்டக்காரர் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். அந்த வேலையாகத்தான் அந்தத் தம்பதியும் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கணவரை எனக்கு முன்பே தெரியும். பிரேசர் டவுனில் சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். அப்பாவின் கண்ணாடி அவர் செய்து கொடுத்ததுதான். மனைவியை அன்றுதான் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும், பெரிய கைகள், மாவு ஒட்டிய முழங்கை.

"எல்லா வெள்ளக்காரனும் மூட்ட கட்டுறான். இவங்க இன்னாடான்னா வூட்டுக்குப் பின்னால பெரிய அடுப்பு கட்டுறாங்களாம்" என்று அவர்கள் படியேறும்போதே அப்பா என் காதில் சொன்னார்.

அவர்கள் யூதர்கள், வியன்னாக்காரர்கள். யூதர் என்ற சொல்லை நான் அதற்கு முன் கான்வென்ட் பள்ளியின் பைபிள் வகுப்பில் மட்டும்தான் கேட்டிருந்தேன். தாடியும் அங்கியுமாக ஒட்டகத்தின் பக்கத்தில் நிற்பார்கள் என்று மனதில் ஒரு படம் இருந்தது. கண்ணாடிக் கடைக்காரரோ சைக்கிளில் போவார், மழை வந்தால் தொப்பிக்கு மேல் செய்தித்தாளைப் பிடித்துக்கொள்வார். உலகச் சண்டைக்குச் சற்று முன்னால் உயிருக்குப் பயந்து பம்பாய்க்குக் கப்பலேறி வந்தவர்கள். சண்டை தொடங்கியதும், அவர்கள் நாட்டை ஜெர்மனி விழுங்கியதில் காகிதத்தில் ஜெர்மனிக்காரர் என்று இருந்ததால் இங்கிலீஷ்காரன் இவர்களை எதிரி என்று சொல்லிச் சில மாதம் அடைத்து வைத்திருந்தான். யாருக்குப் பயந்து ஓடி வந்தார்களோ அவர்கள் பெயரைச் சொல்லியே அடைத்தான். பிறகு விட்டார்கள், பெங்களூரில் வேலை கிடைத்தது, குளிரும் ஒத்துக்கொண்டது, தங்கிவிட்டார்கள்.

அன்று அப்பாதான் படம் எடுத்தார். எங்கள் ஸ்டூடியோவில் பின்னால் தொங்கும் திரையில் அரண்மனைப் படிக்கட்டு, தூண்கள், தொலைவில் ஒரு ஏரியும் அன்னமும் வரைந்திருக்கும். கணவரை நாற்காலியில் உட்கார வைத்து, மனைவியை அவர் தோளில் கை வைத்து நிற்கச் சொல்லி, "சிரிக்கக் கூடாது, ஆடக் கூடாது" என்று சொல்லிப் பிடித்தார். படம் அருமையாக வந்தது. ஊரில் யார் பார்த்தாலும் மெச்சுவார்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாள் மட்டும் தனியே வந்தாள், கையில் அதே படம். நேராக என்னிடம் வந்தாள். அவள் தமிழைக் கற்றது ரஸ்ஸல் மார்க்கெட்டில் காய் விற்கும் ஒரு பெண்ணிடம். அதனால் மரியாதைப் பன்மை எதுவும் அவளுக்குத் தெரியாது. எல்லோரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள், என் அப்பா உட்பட.

"கண்ணு, என் தங்கச்சிக்கு இந்த போட்டோ அனுப்பினேன். அவ கோவம். 'யார் அரண்மனை இது? பொய் சொல்லாதே. நல்லா இருக்கிறேன்னு எழுதறே, போட்டோல ஜட்ஜ் முன்னாடி நிக்கற மாதிரி நிக்கறே'ன்னு எழுதிட்டா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்னம் நீந்தும் ஏரியைப் பார்த்து யாராவது கோபப்படுவார்கள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

உட்கார வைத்து விஷயத்தைக் கேட்டேன். அவளுடைய கூடப்பிறந்தவர்களில் மிச்சம் இருப்பது அந்தத் தங்கை ஒருத்திதான். அந்த ஊர்ச் சண்டையில் எப்படியோ பிழைத்து, இப்போது ஏதோ முகாமில் ஓர் அறையில் பத்துப் பேரோடு இருக்கிறாள். அமெரிக்காவில் ஒன்றுவிட்ட மாமா ஒருவர், 'இங்கே வா' என்று காகிதம் அனுப்பியிருக்கிறார். அக்காவோ, 'பெங்களூருக்கு வா' என்கிறாள். தங்கைக்கு இந்தியா என்றாலே பயம். வீட்டுக்குள் பாம்பு வருமா, காய்ச்சல் வருமா, உனக்கு அங்கே மனிதர்கள் என்று யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறாள். அவள் அமெரிக்கா என்று முடிவு செய்துவிட்டால் பிறகு நடுவில் இரண்டு கடல். ஒருவரையொருவர் மறுபடி பார்ப்பது நடக்காத காரியம்.

"வீட்டுக்கு வா. உள்ளதை எடு. பொய் பேடா" என்றாள். வேண்டாம் என்பதற்கு அவளுக்குக் கன்னடச் சொல்தான் வரும்.

அப்பா மறுத்துவிட்டார். வெயிலில், திரையில்லாமல், அடுப்பையும் கொல்லையையும் எடுப்பது அவருக்கு மரியாதைக் குறைவு. எனக்கோ அந்த வீட்டுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. மடக்குக் கேமராவையும் இரண்டு ரோல் ஃபிலிமையும் பையில் போட்டுக்கொண்டு மறுநாளே கிளம்பிவிட்டேன். ஒரு நாளில் முடிகிற வேலையைப் பல நாளாக இழுத்தது நான்தான். சனிக்கிழமை மட்டும் வரக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அன்றைக்கு அவர்கள் வேலையும் செய்ய மாட்டார்கள், படத்துக்கும் நிற்க மாட்டார்கள்.

அடுப்பை முதலில் எடுத்தேன். ஆள் குனிந்து உள்ளே போகலாம், அவ்வளவு பெரிது. முன்பு பங்களாக்காரர்களுக்கு கேக்கும் ரொட்டியும் சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும் வாங்க ஆளில்லை. அவள் ஓயவில்லை. நம்மவர்கள் நாக்குக்கு என்ன பிடிக்கும் என்று தெருத்தெருவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் வெண்ணெயும் போட்டுக் கார பிஸ்கட் சுட ஆரம்பித்திருந்தாள். 'முட்டை இல்லையே?' என்று கேட்டுவிட்டுத்தான் பிராமண வீடுகளில் வாங்குவார்கள் என்று தெரிந்ததும், முட்டையே நுழையாமல் ஒரு மூலையைத் தனியே ஒதுக்கிவிட்டாள். தட்டு நிறைய பிஸ்கட்டோடு அவளை அடுப்பு முன் நிறுத்தினேன். ஒன்றைக் கடித்துப் பார்த்தேன், சொக்கிப் போனேன். அன்று படம் இரண்டு எடுத்தேன், பிஸ்கட் எத்தனை என்று சொல்ல மாட்டேன்.

சமையலறையில் பால் சமாசாரத்துக்கு ஒரு செட் பாத்திரம், கறிக்கு ஒரு செட். ஒன்றோடொன்று ஒட்டாது, உரசாது. கணவர் ஏதோ கூச்சத்தோடு விளக்க வந்தார். "இதுல என்ன சார் இருக்கு? எங்க வீட்டிலயும் புரட்டாசி வந்தா கறிச் சட்டியெல்லாம் பரணுக்குப் போயிடும்" என்றேன். அவர் அதை மனைவிக்கு அவர்கள் பாஷையில் சொன்னார். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே ஒரு பெருமை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மெழுகுவத்தி விஷயத்தில்தான் சண்டை போட்டேன். பொழுது சாய்வதற்கு முன் வெள்ளைத் துணி விரித்த மேசையில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஏற்றிவிட்டால் சனிக்கிழமை தொடங்கிவிட்டதாக அர்த்தம், பிறகு படம் எடுக்கக் கூடாது. ஏற்றாத விளக்கை யாராவது படம் எடுப்பார்களா? எங்கள் பக்கத்தில் அது அமங்கலம். "வியாழக்கிழமையே ஒரு தடவ சும்மா ஏத்துங்க மேடம், எடுத்துட்டு அணைச்சுடலாம்" என்றேன்.

"சும்மா ஏத்தினா என் தங்கச்சிக்குத் தெரிஞ்சிடும்."

"படத்துல கிழமையா தெரியும்?"

"என் மூஞ்சியில தெரியும், கண்ணு."

ஏற்றாத மெழுகுவத்தியைத்தான் எடுத்தேன். எரிச்சலோடுதான் எடுத்தேன்.

கிளம்பும்போது வாசலில் பால்காரர் வந்தார். அளவுப் படியை எட்டிப் பார்த்தவள், "நீரு! பரீ நீரு!" என்று கன்னடத்தில் பிடித்துக்கொண்டாள், வெறும் தண்ணீராம். இடது கை இடுப்பில், வலது கை விரல் பால்காரர் மூக்குக்கு நேராக. பால்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் ரோலின் கடைசி ஃபிலிமை வீணாக்க வேண்டாமே என்று அதையும் அழுத்திவிட்டேன்.

அந்த வீட்டு ஹாலில் மூன்று படங்கள் மாட்டியிருந்தன. ஒன்றில் முறுக்கு மீசையோடு ஒருவர், ஒன்றில் தொப்பி வைத்த ஓர் அம்மாள், மூன்றாவதில் இரட்டைப் பின்னலோடு பதினான்கு வயதுப் பெண். பின்னல் பெண்ணின் படத்துக்கு மட்டும் மல்லிகைச் சரம் போட்டிருந்தது. தினமும் புதுச் சரம். பார்த்த முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. பாவம், இன்னொரு தங்கை இருந்திருக்கிறாள், சின்ன வயதிலேயே போய்விட்டாள். எப்படிப் போனாள், எப்போது போனாள் என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் இறந்தவர்களைப் பற்றி அவர்களாகச் சொல்லும்வரை கேட்கக் கூடாது என்பது வீட்டில் ஊறிய பாடம். என் வாழ்நாளில் நான் விழுங்கிய கேள்வி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கடைசி நாளில் அவளே என்னை அந்தச் சுவருக்கு முன்னால் கூட்டிப் போனாள். "இதை எடு. இதைத்தான் அவ முக்கியமா பாக்கணும்."

இறந்த குழந்தையின் படத்தைத் தங்கைக்கு எதற்கு அனுப்புகிறாள் என்று யோசித்தபடியே ஜன்னலைத் திறந்து வெளிச்சம் சரி பார்த்தேன். பேச்சை நல்ல பக்கம் திருப்பலாம் என்று, மாலை இல்லாத இரண்டு படங்களையும் காட்டிக் கேட்டேன்.

"உங்க தங்கச்சி வர்றப்ப அப்பா அம்மாவும் கூடவே வந்துடுவாங்களா மேடம்?"

அவள் சட்டத்தின் தூசியை விரலால் துடைத்தாள். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோமோ என்று தோன்றியது. எடுத்த காலைப் பின்வாங்கத் தெரியாமல் மேலும் ஓர் அடி வைத்தேன். "இந்தப் பாப்பா போனது அவங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்!"

"பாப்பா எங்க போச்சு?"

நான் மாலையைக் காட்டினேன்.

"இது என் தங்கச்சி. உன் போட்டோ எல்லாம் போகுதே, அவதான் இவ."

"உயிரோட இருக்கிறவங்களுக்கு மாலை போடுவாங்களா மேடம்?"

"போடுவாங்களே! ஸ்டேஷன்ல போடறாங்க. கல்யாணத்துல போடறாங்க. மினிஸ்டர் வந்தா போடறாங்க. வர்றவங்களுக்குத்தானே மாலை? இவ வரணும். அதான் போட்டேன்."

ஆளுக்குப் போடுவது வேறு, படத்துக்குப் போடுவது வேறு என்று விளக்கினேன். எங்கள் வீடுகளில் படத்துக்கு மாலை விழுந்தால் அந்த ஆள் இல்லை என்று அர்த்தம். சொல்லச் சொல்ல அவள் வாய் மெல்லத் திறந்தது. பிறகு ஒவ்வொன்றாக அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. பூக்காரி ஏன் சரம் கொடுக்கும்போதெல்லாம் அவள் கன்னத்தைத் தொட்டு 'த்சு' கொட்டினாள், எதிர்வீட்டுக்காரர் ஏன் ஹாலுக்கு வந்தால் செருப்போடு குரலையும் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார், திட்டு வாங்கிய பால்காரர் ஏன் ஒரு நாளும் எதிர்த்துப் பேசவில்லை.

"நான் இந்த ஊர் ஜனம் ரொம்ப சாதுன்னு தங்கச்சிக்கு எழுதினேனே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தவள், தலையை நிமிர்த்தி மற்ற இரண்டு படங்களையும் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"அப்போ இவங்களுக்கு?"

நான் பார்வையைக் கேமராவுக்குத் திருப்பினேன்.

"எனக்குத் தெரியாது, கண்ணு" என்றாள். "சண்டை வந்ததும் லெட்டர் நின்னுடுச்சு. சண்டை முடிஞ்சு தங்கச்சி லெட்டர் வந்துச்சு. அவளைப் பத்தி மட்டும். அம்மா அப்பா பத்தி ஒண்ணும் எழுதல. நானும் கேக்கல."

"ஏன் மேடம் கேக்கல?"

"கேட்டா எழுதிடுவா." கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "காகிதத்துல பேடா. அவ இங்க வரட்டும். அவ கையைப் பிடிச்சிக்கிட்டு கேப்பேன். அவ அமெரிக்கா போயிட்டா நான் யார் கையைப் பிடிக்கறது?"

அன்றுதான் என் படங்களின் மேல் எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது.

மாலையோடு படம் எடுக்க எனக்குக் கை வரவில்லை. கழற்றிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவளே கழற்றி, சரத்தை என் பின்னலில் சொருகினாள். படத்துக்குப் போட்ட பூவை எங்களில் தலையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நான் பின்வாங்கியதைப் பார்த்துவிட்டு, "உயிரோட இருக்கிறவ பூ இது. வெச்சுக்கோ" என்று அதட்டினாள். வைத்துக்கொண்டேன்.

கேட் வரை வந்த கணவர் ஆங்கிலத்தில் தணிந்த குரலில் சொன்னார். "அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த ஊரில் அந்த வயதுக்காரர்கள் யாரும் மிஞ்சவில்லை. ஆனால் அவளிடம் அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை, அவள் தங்கைக்குத்தான் உண்டு." எனக்கு அவர் மேல் கொஞ்சம் கோபம் வந்தது, சொல்லிவிட வேண்டியதுதானே என்று. கட்டிக்கொண்டவருக்கு இல்லாத உரிமையா? வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு போனேன்.

பிரிண்ட் போட்டதும் அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். மற்றதையெல்லாம் ஒருவாறு பொறுத்துக்கொண்டார். பால்காரர் படத்தைப் பார்த்ததும், "இன்னாமா இது? சண்டக்காரி மாதிரி கீறாங்க. இத்தப் பாத்தா யாருமா வருவாங்க? தூக்கிப் போடு" என்றார். நான் போடவில்லை. கட்டுக்கு நடுவில் செருகிவிட்டேன்.

அதன் பிறகு காத்திருந்தது அவள் மட்டுமில்லை, நானும்தான். கார பிஸ்கட் வாங்குகிற சாக்கில் வாரம் ஒரு நடை போவேன். அவள் இல்லை என்று தலையாட்டுவாள், பொட்டலம் கட்டுவாள். மழைக்காலம் முடிந்து பனி விழத் தொடங்கியிருந்த ஒரு காலையில் ஸ்டூடியோப் படி அதிர ஏறி வந்தாள்.

"வர்றா! கண்ணு, வர்றா!"

எந்தப் படம் என்று கேட்டேன். தொழில் புத்தி, அதைத்தான் முதலில் கேட்கத் தோன்றியது. பால்காரர் படம்தான். அடுப்பையும் கொல்லையையும் அவள் நம்பவில்லையாம், யார் வீட்டு அடுப்போ என்று நினைத்தாளாம். இதைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதுவிட்டாளாம். 'இடுப்பில் கை வைத்துக்கொண்டு கோபத்தில் நிற்கிறபோது நீ அச்சு அசல் அம்மா' என்று எழுதியிருந்தாள். சொல்லிக்கொண்டு வந்தவளின் குரல் அந்த இடத்தில் இறங்கிவிட்டது. தங்கையின் கடிதத்தில் அம்மா என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. என் அப்பா காபி வரவழைத்துக் கொடுத்தார்.

கப்பல் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து ரயில். கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு நானும் கேமராவோடு போனேன். தங்கை இறங்குகிற அந்த நொடியை எடுக்க வேண்டும் என்று உத்தரவு. அக்கா புதுச் சாம்பல் நிற கவுன் தைத்துப் போட்டிருந்தாள். கணவர் வழக்கத்துக்கு மாறாகச் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. வண்டி வருகிற வரை சும்மா இருக்க முடியாமல் போர்ட்டரை, கைகாட்டி மரத்தை, அவள் நகம் கடிப்பதை என்று எடுத்துத் தள்ளினேன். வண்டி நின்று தங்கை படியில் கால் வைத்தபோது ஒரே ஒரு ஃபிலிம்தான் பாக்கி. அதில் விழுந்தது ஒரு காலும், அக்காவின் முதுகும்.

அக்கா இரட்டைப் பின்னலைத் தேடிக்கொண்டிருந்தாள். இறங்கியவள் குட்டை முடி வெட்டிய, மெலிந்த, முப்பதை நெருங்கும் பெண். பெங்களூர் வெயிலில் தடித்த கோட்டு. இருவரும் கையெட்டும் தூரத்தில் நின்றார்கள். கட்டிக்கொள்வார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்தாள். மூட்டை இறங்குவதற்கு முன், பயணம் எப்படி என்று கேட்பதற்கு முன், ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்த பாஷை எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. கேள்வி என்னவென்று எனக்குத் தெரிந்தது.

தங்கை அந்தக் கைகளை விடாமல் இரண்டு மூன்று சொல் சொன்னாள்.

அக்கா கத்தவில்லை. வலது கையை விடுவித்து, தன் புது கவுனின் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். துணி கெட்டி, கிழியவில்லை. மறுபடி இழுத்தாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்போது கணவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய சவரப் பிளேடை எடுத்தார். இடது பக்கம், நெஞ்சுக்கு மேலே, துணியில் சின்னதாக ஒரு கீறல் போட்டார். அவள் அங்கே பிடித்துக் கிழித்தாள். ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தாள். தாய் தகப்பன் இறந்த சேதி காதில் விழுந்தால், அது எத்தனை வருடம் கழித்து விழுந்தாலும், அவர்கள் உடையைக் கிழித்துக்கொள்ள வேண்டுமாம். அவர் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பிளேடை எடுத்து வைத்திருந்திருக்கிறார். கேட் அருகே அவர் மேல் வந்த கோபம் அத்தோடு எனக்குப் போய்விட்டது. கூட்டம் கூடிவிட்டது. "இன்னா ஆச்சு?" என்று போர்ட்டர் கேட்டார். "அப்பா அம்மா தவறிட்டாங்க" என்று நான்தான் சொன்னேன். அவர் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கினார்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சகோதரிகள் இருவரும் ஹால் தரையில் உட்கார்ந்தார்கள். நானும் யாரும் சொல்லாமலேயே சுவரோரம் உட்கார்ந்தேன். கணவர் என் பக்கத்தில் வந்து விளக்கினார். சேதி உடனே வந்தால் ஏழு நாள் இப்படி உட்கார வேண்டும். இப்படி நாட்பட்டு வந்தால் ஒரு மணி நேரம்தான்.

"ஒரு மணி நேரமா? அப்பா அம்மாவுக்கா?" என்றேன். எங்களில் பதினாறு நாள். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. வருடக்கணக்காகப் பயந்து பயந்து தள்ளி வைத்த ஒன்றுக்கு ஒரு மணி நேரம் எப்படிப் போதும்? ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தபோது, அது நான் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. தங்கை தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனாள். அக்கா அவள் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு முறை தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள், யாரோ வேலைக்காரப் பெண் என்று நினைத்திருப்பாள்.

நேரம் முடிந்ததும் கணவர் சமையலறை வாசலில் தயங்கி நின்றார். கையால் மோவாயைத் தடவிக்கொண்டார்.

"முதல் சாப்பாடு சொந்த வீட்டு அடுப்பில் செய்ததாக இருக்கக் கூடாது. வேறு வீட்டார் யாராவது கொண்டுவந்து தர வேண்டும். முட்டை, பருப்பு, இப்படி. இந்த ஒரு மணி நேரத் துக்கத்துக்கு அது கட்டாயமில்லை. ஆனாலும் அவள் அம்மாவுக்கு அது செய்யப்பட்டது என்று இருந்தால்... இந்தப் பக்கத்தில் எங்களவர்கள் யாரும்..." என்று ஆங்கிலத்தில் தொடங்கியவர் முடிக்கவில்லை.

அவர் முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. இழவு வீட்டில் அடுப்பு எரியாது, பங்காளியும் சம்பந்தியும்தான் சோறு கொண்டுவர வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? ஜட்கா வண்டி பிடித்து வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் ஒரு வரி சொன்னேன். கறி, மீன் எதுவும் படாத புதுச் சட்டியை அம்மா எடுத்துக் கொடுத்தாள். முட்டையை அவித்தேன், இன்னொரு புதுச் சட்டியில் பருப்பை வெறும் தண்ணீரில் வேக வைத்தேன். துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு அதே ஜட்காவில் திரும்பினேன். சூடு தொடையைச் சுட்டது.

அவர்கள் இன்னும் தரையில்தான் இருந்தார்கள். நான் எதிரே உட்கார்ந்து ஒரு முட்டையை உரித்து முதலில் அக்காவின் கையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடித்தாள். அடுத்ததைத் தங்கைக்கு உரித்தேன். அவள் வாங்கிக்கொள்ளாமல் அக்காவிடம் ஏதோ கேட்டாள். அக்கா மென்றுகொண்டே ஒரே சொல்லில் பதில் சொன்னாள். தங்கை என்னை முழுதாக ஒரு தரம் பார்த்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

என் சுபாவம் அந்த நேரத்திலும் சும்மா இருக்கவில்லை. "என்ன மேடம் கேட்டாங்க?" என்றேன்.

"நீ யாருன்னு கேட்டா." கிழிந்த கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். "சொந்தம்னு சொல்லிட்டேன். சரியா, கண்ணு?"

அடுத்த முட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.